வெளியேற்றமா, உடன்பாடா? சிங்கப்பூர் தனி நாடான கதை

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை 10 மணிக்குச் சிங்கப்பூர் வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த இசை இடையில் நின்றது. அறிவிப்பாளர் ஒரு பிரகடனத்தை வாசிக்கத் தொடங்கினார். சிங்கப்பூர் இன்று முதல் சுதந்திரமும் இறைமையும் கொண்ட மக்களாட்சி நாடு என்பதே அதன் சாரம். அதே வேளையில், கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் எழுந்து, சிங்கப்பூரை மலேசியாவிலிருந்து பிரிக்கும் மசோதாவை முன்வைத்தார்.

அன்று சிங்கப்பூரில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1.9 மில்லியன் பேர். காலையில் மலேசியக் குடிமக்களாகக் கண்விழித்தவர்கள், பிற்பகல் வேலை முடிந்து வீடு திரும்பும்போது வேறொரு நாட்டின் குடிமக்கள். நாளிதழ்களில் முன்னறிவிப்பு இல்லை. அதற்கு முந்தைய வாரம் அப்படி ஒன்று நடக்கும் என்று தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாடு சுதந்திரப் பிரகடனம் செய்கிறது என்றால் அதற்குப் பின்னால் நெடிய போராட்டம் ஒன்று இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். 1776ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுடன் போரிட்டுக்கொண்டே பிரகடனம் செய்தன. இந்தியாவில் சிறைகளும் சத்தியாகிரகங்களும் இருந்தன. மலாயாவில் லண்டன் பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு, 1957 ஆகஸ்ட் 31 அன்று மெர்டேக்கா அரங்கில் துங்கு ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். சிங்கப்பூரின் பிரகடனம் அப்படிப்பட்டதன்று. திடலில் கூட்டம் இல்லை, முழக்கம் இல்லை, கொடி மாற்றமும் இல்லை. கொடியும் தேசிய கீதமும் அரசுச் சின்னமும் தன்னாட்சி கிடைத்த 1959லேயே வந்துவிட்டன. நாட்டுக்கு வேண்டிய அடையாளங்கள் முதலில் வந்து, நாடு ஆறு ஆண்டு கழித்து வந்தது.

அன்று நண்பகல் செய்தியாளர்களைச் சந்தித்த பிரதமர் லீ குவான் இயூ பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர்விட்டார். தம் வாழ்நாள் முழுவதும் இரு நிலப்பகுதிகளின் இணைப்பில் நம்பிக்கை வைத்திருந்ததாக அவர் சொன்னார். அந்தக் காட்சி பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்துவிட்டது. சிங்கப்பூர் ‘வெளியேற்றப்பட்டது’ என்ற கருத்து நிலைத்ததற்கு அந்தக் கண்ணீரும் ஒரு காரணம். ஆனால் அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும் நடந்தவற்றைப் பார்த்தால், ‘வெளியேற்றம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அந்தக் கதை அடங்காது.

சேர்ந்தது ஏன்?

பிரிந்த காரணம் புரிய, சேர்ந்த காரணம் தெரிய வேண்டும். 1961 மே 27 அன்று சிங்கப்பூர் அடெல்ஃபி ஹோட்டலில் வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு அளிக்கப்பட்ட விருந்தில், மலாயா, சிங்கப்பூர், போர்னியோ பகுதிகள் ஒன்றுசேர்வது பற்றித் துங்கு முதன்முதலில் பொதுவெளியில் பேசினார். அதுவரை அவருக்குச் சிங்கப்பூரைச் சேர்த்துக்கொள்ள விருப்பமில்லை. சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள தீவைச் சேர்த்தால் கூட்டரசின் இன விகிதம் மாறிவிடும் என்பது அவரது தயக்கம். ஆயினும், மக்கள் செயல் கட்சி சிங்கப்பூரில் ஆட்டம் கண்டிருந்தது. அக்கட்சி வீழ்ந்தால் இடதுசாரிகள் கையில் ஆட்சி போய்விடும். ஜோகூருக்குப் பக்கத்திலேயே ஒரு கியூபா முளைத்துவிடும் என்ற அச்சம் தயக்கத்தை வென்றது. சபாவும் சரவாக்கும் சேர்ந்தால் விகிதம் சரிக்கட்டப்படும் என்ற கணக்கும் உடனிருந்தது.

சிங்கப்பூரின் கணக்கு வேறு. ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டர் தீவு. இயற்கை வளம் இல்லை. தண்ணீர் ஜோகூரிலிருந்து வருகிறது. துறைமுக வணிகம் மட்டும் பெருகிவரும் மக்கள்தொகைக்கு வேலை தராது. தொழிற்சாலைகள் வேண்டும், அவற்றின் பொருள்களுக்குச் சந்தை வேண்டும். அந்தச் சந்தை காஸ்வேக்கு அப்பால் இருந்தது. தனித்த சிங்கப்பூர் பிழைக்காது என்று அன்றைய தலைவர்கள் மேடைதோறும் சொன்னார்கள், உளமாரவும் நம்பினார்கள். 1965ல் திரு லீ விட்ட கண்ணீரை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1962 செப்டம்பர் 1 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. எந்த முறையில் இணைவது என்று மூன்று தெரிவுகள் இருந்தன. இணைய வேண்டாம் என்ற தெரிவே இல்லை. அரசாங்கம் ஆதரித்த முறைக்கு ஏறக்குறைய 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஏறத்தாழ கால்வாசிப் பேர் வெற்று வாக்குச் சீட்டைப் போட்டனர். 1963 செப்டம்பர் 16ல் மலேசியா உதயமானது. கல்வியையும் தொழிலாளர் விவகாரத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டதற்கு ஈடாக, சிங்கப்பூர் கூட்டரசு நாடாளுமன்றத்தில் 159 இடங்களில் 15 மட்டும் பெற்றுக்கொண்டது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. மலேசியா முதலில் 1963 ஆகஸ்ட் 31ல் உருவாகவேண்டியது. இந்தோனீசியாவும் பிலிப்பீன்ஸும் எதிர்ப்புத் தெரிவித்ததால் போர்னியோ மக்களின் கருத்தை ஐக்கிய நாட்டு நிறுவனம் கண்டறியும்வரை தேதி தள்ளிப்போனது. ஆனால் திரு லீ அந்த ஆகஸ்ட் 31லேயே சிங்கப்பூர் நடைமுறையில் சுதந்திரம் பெற்றுவிட்டதாக அறிவித்தார்; இடைப்பட்ட இரு வாரங்களுக்கு மத்திய அரசின் அதிகாரங்களைச் சிங்கப்பூர் காத்து வைத்திருக்கும் என்றார். கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் அது பிடிக்கவில்லை. ஆக, 1965க்கு முன்பே சிங்கப்பூர் ஒருமுறை சுதந்திரம் அறிவித்திருக்கிறது. முதல் அறிவிப்பு இணைவதற்கு முன்னோட்டம். இரண்டாவது பிரிவதற்கு முத்திரை.

வாக்குகள்

கசப்பு முதல் மாதத்திலேயே தொடங்கியது. 1963 செப்டம்பர் 21 சிங்கப்பூர்த் தேர்தலில் அம்னோ தலைமையிலான கூட்டணியின் சிங்கப்பூர்க் கிளையும் போட்டியிட்டது. 51 இடங்களில் மக்கள் செயல் கட்சி 37ஐப் பிடித்தது. கூட்டணிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. மலாய் வாக்காளர் மிகுந்த கேலாங் சிராய், கம்போங் கெம்பாங்கான், தென் தீவுகள் தொகுதிகளிலும் மக்கள் செயல் கட்சியே வென்றது. அம்னோவுக்கு அது பெருத்த அடி.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பதிலடி போல மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் தேர்தலில் இறங்கியது. கூட்டணியில் மலேசிய சீனர் சங்கத்தின் இடத்தைத் தான் பிடிப்பதே நோக்கம் என்றும், அம்னோவை எதிர்க்கவில்லை என்றும் சொன்னது. கோலாலம்பூரில் யாரும் அதை நம்பவில்லை. மத்திய அரசியலில் தலையிடமாட்டோம் என்ற வாக்கு மீறப்பட்டதாக அங்கே கருதினார்கள். அப்படி ஒரு வாக்கைக் காலத்துக்கும் கொடுக்கவில்லை என்று சிங்கப்பூர்த் தரப்பு வாதிட்டது. தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். பங்சாரில் தேவன் நாயர் வென்றார். பிரிவினைக்குப் பிறகும் அவர் கோலாலம்பூரிலேயே தங்கி, 1969 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். ஜனநாயக செயல் கட்சி அங்கிருந்துதான் பிறந்தது. பின்னாளில் அவர் சிங்கப்பூர் அதிபரானார்.

ஒரே இடம்தான் என்றாலும், இரு கட்சிகளும் மற்றதன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. அதன் பிறகு பேச்சு இனத்தைப் பற்றியதாயிற்று. சிங்கப்பூர் மலாய்க்காரர்கள் ஒடுக்கப்படுகிறார்கள் என்று அம்னோவின் தலைமைச் செயலாளர் சையது ஜாஃபர் அல்பார் மேடைகளில் பேசினார். 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர், 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது 13 பேர் மாண்டனர். ஊரடங்கு, அக்கம்பக்கத்தாரைக் கண்டே அஞ்சிய இரவுகள், கம்பங்களைக் காவல்காத்த நல்லெண்ணக் குழுக்கள் - அந்தத் தலைமுறையில் இவற்றை மறந்தவர்கள் குறைவு.

பணம்

இன அரசியலைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பணத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒப்பந்தத்தை முறித்ததில் அதற்குச் சரிபாதிப் பங்குண்டு. இணைந்தபோது, சிங்கப்பூரில் வசூலாகும் தேசிய வரிகளில் 40 விழுக்காடு மத்திய அரசுக்குப் போகவேண்டும் என்று முடிவானது. சபா, சரவாக் வளர்ச்சிக்குச் சிங்கப்பூர் 150 மில்லியன் வெள்ளி கடன் தரவேண்டும். பதிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்படியாகப் பொதுச் சந்தை வரும்.

பொதுச் சந்தை நகரவே இல்லை. சிங்கப்பூர்ப் பொருள்களுக்கு வடக்கே கதவு திறக்கவில்லை. 1964 இறுதியில் மத்திய நிதியமைச்சர் டான் சியூ சின் விற்றுமுதல் வரி, சம்பளப் பட்டியல் வரி என்று புதிய வரிகளை அறிவித்தார். 40 விழுக்காட்டை 60 ஆக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. இந்தோனீசியாவுடனான மோதலால் பாதுகாப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்பது கோலாலம்பூரின் நியாயம். அந்த மோதலில் வணிகம் இழந்து அதிகம் அடிபட்டதே சிங்கப்பூர்தான் என்பது மறுதரப்பின் நியாயம்.

இந்த வழக்கில் எதிரெதிராக நின்ற நிதியமைச்சர்கள் இருவரும், டான் சியூ சின்னும் கோ கெங் சுவீயும், மலாக்காவில் பிறந்த உறவினர்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பங்காளிச் சண்டையில் கணக்கு நோட்டு வந்துவிட்டால் சமாதானம் தூரம் போய்விடும் என்பது நம் குடும்பங்களிலும் கண்டதே.

டாக்டர் கோதான் இணைப்பின் பொருளியல் பயன்களை முதலில் வலியுறுத்தியவர். அந்தப் பயன் வராது என்று முதலில் முடிவுக்கு வந்தவரும் அவரே. தம் குறிப்புகளையும் ஆவணங்களையும் அவர் ‘ஆல்பட்ரோஸ்’ என்று பெயரிட்ட கோப்பில் சேர்த்துவைத்தார். கழுத்தில் தொங்கும் சுமை என்ற பொருளில் வைத்த பெயர். அந்தச் சுமை மலேசியா.

‘மலேசியன் மலேசியா’

1965 மே மாதம் சிங்கப்பூரில் ஐந்து எதிர்க்கட்சிகள் கூடி மலேசிய ஒற்றுமை மாநாட்டை அமைத்தன. மக்கள் செயல் கட்சி, ஐக்கிய ஜனநாயகக் கட்சி, சரவாக்கின் இரு கட்சிகள், ஈப்போவின் மக்கள் முற்போக்குக் கட்சி. கடைசியாகச் சொன்ன கட்சியை நடத்தியவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள். இனம் பாராமல் எல்லாருக்கும் சம உரிமை என்பது ‘மலேசியன் மலேசியா’ முழக்கத்தின் பொருள்.

கேட்பவர் காதைப் பொறுத்து அதே முழக்கம் வேறாக ஒலித்தது. 1957 அரசமைப்புச் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை உறுதிசெய்கிறது. மலாய்க்காரர் அல்லாத ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை கிடைக்க வழிசெய்த உடன்பாட்டின் மறுபாதி அது. அதை இப்போது கேள்வி கேட்கிறார்கள் என்று அம்னோ தொண்டர்கள் எடுத்துக்கொண்டனர். மே 27 அன்று நாடாளுமன்றத்தில் திரு லீ ஆற்றிய உரையில் ஒரு பகுதி மலாய் மொழியில் அமைந்தது. மொழியாலும் சிறப்புரிமையாலும் மட்டும் கம்பத்து ஏழை மலாய்க்காரரின் வாழ்வு உயருமா என்று மலாயிலேயே அவர் கேட்டார். அவருடைய சகாக்கள் அதைச் சிறந்த உரையாகக் கருதினார்கள். எதிரே அமர்ந்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பொறுமையின் எல்லை அன்றோடு முடிந்ததாகத் துங்கு பின்னாளில் குறிப்பிட்டார். திரு லீயைக் கைதுசெய்ய வேண்டும் என்ற குரல் அம்னோவுக்குள் ஓங்கியது.

இந்த இடத்தில் கோலாலம்பூரின் நிலையையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். துங்கு முன் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, சிங்கப்பூர் அரசைக் கலைத்துத் தலைவர்களைச் சிறையில் வைப்பது. மற்றொன்று, உறவைத் துண்டிப்பது. முதல் வழியில் போனால் இரத்தம் சிந்தும் என்பதில் ஐயமில்லை. ஒரு நாட்டின் பிரதமர், தம் நாட்டின் மிகப் பெரிய நகரை, தாமே கூட்டிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள், துப்பாக்கி எடுக்காமல் போகவிட்டார். உலக வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதன்று. அதே தசாப்தத்தில் நைஜீரியாவிலிருந்து பியாஃப்ரா பிரிந்தபோது என்ன நடந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

இரகசியம்

ஜூன் மாதம் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டுக்காக லண்டன் சென்ற துங்கு, அங்கே அக்கி நோய் கண்டு மருத்துவமனையில் படுத்தார். நோயின் வலியும் நாட்டின் வலியும் சேர்ந்து வாட்டிய அந்தப் படுக்கையில்தான் பிரிவதென்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. துணைப்பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயிலும் கோலாலம்பூரில் பேச்சைக் கவனித்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் டாக்டர் கோ.

வெளியேற்றம் என்ற சொல் பொருந்தாமல் போவது இங்கேதான். திரு லீ விரும்பியது, சிங்கப்பூருக்குக் கூடுதல் அதிகாரம் உள்ள தளர்வான கூட்டமைப்பு. ஜூலை 26ல் அவர் டாக்டர் கோவுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதமும் அரசமைப்பு மாற்றங்கள் குறித்துப் பேசுவதற்கானதே. டாக்டர் கோ அந்தப் பாதையில் போகவில்லை. தளர்வான ஏற்பாடு பழைய சண்டையை இழுத்துக்கொண்டே போகும், முழுமையாகப் பிரிவதே இருவருக்கும் நல்லது என்று அவர் பேசினார். மறுதரப்பிலும் அதே எண்ணம் கனிந்திருந்தது. 1990களில் ஒரு நூலுக்கு அளித்த பேட்டியில் டாக்டர் கோ இதை வெளிப்படையாகவே சொன்னார். ‘ஆல்பட்ரோஸ்’ கோப்பில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளும் அதைக் காட்டுகின்றன.

அப்படியானால் சிங்கப்பூர்தான் பிரிந்துபோனதா? அதுவும் முழு உண்மையன்று. கதவைத் திறந்தவர் துங்கு. திறந்த கதவை மீண்டும் மூடிவிடாதபடி பார்த்துக்கொண்டவர் டாக்டர் கோ. இருவருக்கும் இடையில், கடைசிவரை வேறு வழி தேடியவர் திரு லீ.

இரகசியம் காத்ததற்குக் காரணம் இருந்தது. பிரிட்டனுக்குத் தெரிந்தால் தடுத்துவிடும். மலேசியாவைக் காக்கப் பல்லாயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் இந்தோனீசியாவுக்கு எதிராக நின்ற நேரம் அது. மார்ச் 10ல்தான் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் மாண்டிருந்தனர். மலேசியா பிளவுபட்டது என்ற செய்தி சுகார்னோவுக்கு இனிப்பாக இருக்கும் என்று லண்டன் அஞ்சும். அம்னோ தீவிரவாதிகளுக்குத் தெரிந்தால் கைது கோரிக்கை வலுக்கும். சிங்கப்பூரில் தெரிந்தால் மறுபடி கலவரம் வெடிக்கலாம். சபா, சரவாக் தலைவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. தாங்கள் சேர்ந்த கூட்டரசின் ஓர் உறுப்பு தங்களைக் கேட்காமலே கழன்றுவிட்டது என்ற வருத்தம் அங்கே நெடுநாள் நீடித்தது. சபாவின் டோனல்ட் ஸ்டீஃபன்ஸ் மத்திய அமைச்சரவையிலிருந்தே விலகினார்.

கையெழுத்து

நாடாளுமன்றம் ஆகஸ்ட் 9 கூடுகிறது. அதற்குள் முடிக்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சர் எட்மண்ட் பார்க்கர் பத்திரங்களைத் தயாரித்தார். திரு லீ குடும்பத்துடன் கேமரன் மலைக்கு விடுமுறை சென்றார். யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆகஸ்ட் 5ல் துங்கு நாடு திரும்பினார். ஒப்பந்தத்தில் உள்ள தேதி ஆகஸ்ட் 7.

சிங்கப்பூர் அமைச்சர்களில் பாதிப் பேர் தீபகற்பத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள். துணைப்பிரதமர் தோ சின் சாய் பேராக்கில் பிறந்தவர். ஓங் பாங் பூன் கோலாலம்பூர்க்காரர். யோங் நியூக் லின் சிரம்பானில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னமும் சிரம்பானில் வளர்ந்தவர். இவர்களுக்குப் பிரிவினை என்பது பெற்றோரும் உடன்பிறந்தோரும் வாழும் மண்ணை அயல்நாடாக்கும் கையெழுத்து. ‘மலேசியன் மலேசியா’ முழக்கத்தை நம்பிச் சேர்ந்த தோழர்களைக் கைவிடுவதும்கூட.

கோலாலம்பூருக்கு அவசரமாக அழைக்கப்பட்ட டாக்டர் தோவும் திரு ராஜரத்னமும் கையெழுத்திட மறுத்தனர். வேறு வழியில்லை, இது என் உறுதியான முடிவு என்று துங்கு கைப்பட எழுதிய கடிதம் வந்த பிறகுதான், மிகுந்த மனவேதனையோடு டாக்டர் தோ பேனாவை எடுத்தார். திரு ராஜரத்னமும் தொடர்ந்தார். இரு நாளில் அவரே புதிய நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர்.

ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் மலேசியா சார்பில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர் வீ.தி. சம்பந்தன், மஇகாவின் தலைவர். சுங்கை சிப்புட்டில் பிறந்த ஒரு தமிழரும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தமிழரும் ஒரே ஆவணத்தின் இரு பக்கங்களில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பிரிவினையைப் பேசும் தமிழ் மேடைகளில் இது ஏனோ அதிகம் சொல்லப்படுவதில்லை.

ஆகஸ்ட் 9 அன்று மசோதா ஒரே நாளில் மூன்று வாசிப்புகளையும் கடந்தது. ஆதரவு 126, எதிர்ப்பு இல்லை. மேலவையும் அன்றே நிறைவேற்றியது. திரு லீயைச் சிறையில் அடைக்க விரும்பிய சையது ஜாஃபர் அல்பார் வாக்களிக்காமல் வெளியேறினார்; சிங்கப்பூரை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

சட்டம் போதாதா, பிரகடனம் எதற்கு?

மலேசிய அரசமைப்புச் சட்டத்தில் ஒரு மாநிலம் விலகிச்செல்ல வழி இல்லை. ஆகவே அச்சட்டத்தையே திருத்தவேண்டியிருந்தது. திருத்தம் நிறைவேறியதும் சிங்கப்பூர் சட்டப்படி வெளியே வந்துவிட்டது. பிறகு ஏன் தனியாக ஒரு பிரகடனம்?

பிரிக்கப்பட்ட பகுதி தானாகவே நாடாகிவிடாது. மக்கள், வரையறுத்த நிலப்பகுதி, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் ஒரு நாட்டுக்கு வேண்டும் என்று 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை சொல்கிறது. நான்காவதற்கு, ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று உலகை நோக்கிச் சொல்லும் ஒரு குரல் தேவை. ஆகவேதான் ஆகஸ்ட் 9ல் பிரகடனங்கள் இரண்டு: துங்குவின் பெயரில் ஒன்று, சிங்கப்பூர் மக்களின் சார்பில் திரு லீயின் பெயரில் ஒன்று. விடுபவரும் விடுபடுபவரும் ஒரே நேரத்தில் அறிவித்ததால் எந்த நாட்டுக்கும் தயக்கம் எழவில்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகள் சில நாள்களிலேயே அங்கீகரித்தன. செப்டம்பர் 21ல் சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆவது உறுப்பினரானது. அவ்வாண்டு பாதுகாப்பு மன்றத்தில் இடம்பெற்றிருந்த மலேசியாவும் ஆதரித்தது.

ஒப்பிட ஒரு நிகழ்வு அதே ஆண்டிலேயே உண்டு. நவம்பர் 11ல் தென் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தராமலிருப்பதே நோக்கம். ஒரு நாடுகூட அதை முறைப்படி அங்கீகரிக்கவில்லை; தடைகளும் கொரில்லாப் போரும் தொடர்ந்து, 1980ல்தான் ஸிம்பாப்வே பிறந்தது. பிரகடனத்தின் சொற்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் சார்பில், யார் சம்மதத்தோடு என்பதையே உலகம் முதலில் கேட்கிறது.

ஒப்பந்தத்துக்குள் இன்னொரு முக்கியமான ஏற்பாடும் இருந்தது. ஜோகூருடன் 1961லும் 1962லும் செய்த தண்ணீர் உடன்பாடுகளை ஜோகூர் மதித்து நடப்பதற்கு மலேசிய அரசு உத்தரவாதம் அளித்தது. திரு லீ இதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1962 உடன்பாடு 2061 வரை செல்லும். தண்ணீர்க் கட்டணம் பற்றி இரு நாடுகளும் இன்றளவும் வாதிடும்போது கையில் எடுப்பது இந்தக் காகிதங்களைத்தான்.

மெதுவாக அறுந்த நூல்கள்

அறிவிப்பு ஒரே நாளில் வந்தது. பிரிவு அப்படி வரவில்லை. நாணயம் 1967 ஜூன் 12 வரை பொதுவாகவே இருந்தது. அதன் பிறகும் 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியானது. விமான நிறுவனம் 1972ல் பிரிந்தது. பங்குச் சந்தை 1973ல்.

சிங்கப்பூரிடம் அப்போது இருந்த படை இரண்டு பட்டாளங்கள். சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் முதன்முறையாக டிசம்பர் 8ல் கூடியபோது, பிரதமரை மோட்டார் சைக்கிள் வீரர்களோடு அழைத்துச் செல்வேன் என்று சிங்கப்பூரில் இருந்த மலேசியப் படையணியின் தளபதி வற்புறுத்தினார். அன்று திரு லீ அப்படியே சென்றார். 1967ல் தேசிய சேவை கட்டாயமானதற்கு இத்தகைய நினைவுகளும் காரணம்.

டிசம்பர் 22ல் நிறைவேறிய சிங்கப்பூர் குடியரசு சுதந்திரச் சட்டம், ஆகஸ்ட் 9 முதலே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மலாய், மாண்டரின், ஆங்கிலத்துடன் தமிழும் அதிகாரத்துவ மொழி என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறியது. கலவரத்தின் சூடு ஆறாத காலத்தில், மலாய்க்காரர் அல்லாதோருக்கும் சீனர் அல்லாதோருக்கும் இந்த நாட்டில் இடமுண்டு என்பதைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

சாதாரணத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரிவினை வேறு வகையில் வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் கணவருக்கு வேலை, ஜோகூர்த் தோட்டத்தில் மனைவியின் தாய்வீடு. பிள்ளை ஒருவன் சிங்கப்பூரில் பிறந்தவன், இன்னொருவன் குளுவாங்கில் பிறந்தவன் என்றிருந்த வீடுகள் ஏராளம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டி வந்தது. 1968ல் பிரிட்டன் தன் தளங்களை மூடப்போவதாக அறிவித்ததும், பல ஆண்டு உழைத்தவர்கள் ஊருக்குத் திரும்புவதா, குடியுரிமைக்கு மனுச் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கப்பலேறியவர்கள் பலர்.

பிரகடனம் வெளியான அன்று காஸ்வேயில் ஒன்றும் மாறவில்லை. பேருந்துகள் ஓடின, குழாய்களில் தண்ணீர் வந்தது, ஜோகூர் பாருவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மாலையில் வழக்கம்போல் திரும்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அங்கே கடப்பிதழ்ச் சோதனை வந்தது. சொந்தக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போகவும் முத்திரை வாங்கவேண்டும் என்றானபோதுதான், அந்தத் திங்கட்கிழமை வானொலியில் வாசிக்கப்பட்டது என்னவென்று பலருக்கு முழுமையாகத் தெரிந்தது.